திறக்க விடாத தராசு

மருந்துக் கம்பெனியிலிருந்து வந்த பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த எடைக்கற்களை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து மேடையில் வைத்தாள் அவள். கையால் தொடக் கூடாது. விரலின் பிசுக்குகூட எடையில் சேர்ந்துவிடும். வைத்து முடித்ததும் கண்ணாடி மூடியால் மூடினாள். இனி அவை கொஞ்ச நேரம் சும்மா இருக்க வேண்டும். வெயிலில் வந்தவை, வண்டியில் குலுங்கியவை, அறையின் குளிர்ச்சிக்கு ஆறி அடங்கிய பிறகுதான் அவற்றைத் தட்டில் ஏற்றலாம். சூடு ஆறாத கல்லை நிறுத்தால் எண் தப்பாக வரும்.

கடைகளிலும் தொழிற்சாலைகளிலும் இருக்கும் தராசுகளையும் எடைக்கற்களையும் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் கூடம் அது. அங்கே அவளுக்கு மூச்சக்கா என்று பெயர். அங்கிருக்கும் தராசுகளின் பக்கத்தில் நின்று பெருமூச்சு விட்டால் போதும், எண் ஆடிவிடும். அதனால் யார் உள்ளே வந்தாலும் "மூச்சை அந்தப் பக்கம் விடுங்க" என்று சொல்லிச் சொல்லி அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பெருமூச்சு விட அந்தக் கூடத்திலேயே அதிகக் காரணம் உள்ளவள் அவள்தான். வேலை நேரத்தில் அதற்கும் வழியில்லை.

சோதிப்பது அவள் என்றாலும் சான்றிதழில் கையெழுத்துப் போடுவது வேறு ஆள். கையெழுத்துப் போட ஒரு தகுதித் தேர்வு எழுதித் தேற வேண்டும். போன முறை விண்ணப்பித்தாள். குழந்தை உண்டாவதற்கான சிகிச்சை நாள் குறுக்கே வந்து விழுந்தது, போகவில்லை. அதற்கு முந்திய முறையும் அதே கதைதான். அந்தச் சிகிச்சையாவது பலித்ததா என்றால் அதுவும் இல்லை. தேர்வும் போய், குழந்தையும் வராமல், களைப்பு மட்டும் மிச்சமாகக் கையில் நின்றது.

இந்த முறை மறுபடியும் விண்ணப்பம் போட்டிருந்தாள். போட்ட கையோடு, புதிய மருத்துவமனை ஒன்றில் சிகிச்சையை முதலிலிருந்து தொடங்குவது என்று வீட்டில் முடிவானது.

கல் ஆறும் நேரத்தில் வராந்தாவுக்கு வந்து போனைப் பார்த்தாள். மாமியார் கூப்பிட்டிருந்தார். திரும்பக் கூப்பிட்டாள். தேர்வு எழுதப்போவதில்லை என்று ஆபீஸில் சொல்லியாயிற்றா என்று கேட்பதற்காகத்தான். இன்னும் சொல்லவில்லை என்றாள். சாயங்காலத்துக்குள் சொல்லிவிடச் சொன்னார் மாமியார். கூடவே, தன் தங்கை போன் செய்து வழக்கம்போல விசேஷம் உண்டா என்று கேட்டதையும், தான் வழக்கம்போல ஒன்றும் சொல்ல முடியாமல் பேச்சை மாற்றியதையும் சொல்லி முடித்தார். அந்தத் தங்கை வாரம் தவறாமல் கேட்பாள். வாரம் தவறாமல் அந்தக் கேள்வி மாமியார் காது வழியாக மருமகள் தலையில் வந்து இறங்கும்.

அவள் உள்ளே போய்க் கற்களைப் பார்த்தாள். அவை நிம்மதியாக ஆறிக்கொண்டிருந்தன.

அவளுடைய கணவருக்கும் தராசுதான் பிழைப்பு. கடை கடையாகப் போய்ப் பழுதான தராசுகளைச் சரி பார்ப்பவர். தெருவில் எல்லோருக்கும் அவர் தராசுக்காரர். வேலை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தால் அன்று பார்த்த கடைக்காரர்களைப் பற்றி ஒரு கதை வைத்திருப்பார். அன்றைக்கு ஒரு காய்கறிக் கடைக்காரர் கதை. எடை குறைகிறது என்று வாங்குகிறவர்கள் எல்லோரும் சண்டைக்கு வருகிறார்களாம். கடைக்காரரோ காய் வாடியிருக்கும், பை கிழிந்திருக்கும், உங்கள் வீட்டுத் தராசு சரியில்லை என்று ஆளுக்கொரு பதில் சொல்லி அனுப்புகிறாராம்.

"சரி, திறந்து பாத்துடலாம்னு ஸ்க்ரூவ எடுத்தேன். கைய புடிச்சுக்கிட்டாரு. திறக்கவே விட மாட்டேங்குறாரு. ஊர்ல இருக்குற காயெல்லாம் தப்பாம், அவர் தராசு மட்டும் பொறந்ததுலேர்ந்து தப்பே பண்ணதில்லையாம்."

மாமியாருக்குச் சிரித்துச் சிரித்துப் புரை ஏறியது. அவளும் சிரித்தாள். கணவர் கதை சொன்னால் களைப்பிலும் சிரிப்பு வரும்.

சிரிப்பு அடங்கியதும் தேர்வுப் பேச்சு வந்தது. தண்ணீர் குடித்துத் தொண்டையைச் சரி செய்துகொண்டு மாமியார் சொன்னார். "தலையில இவ்ளோ பாரத்தை ஏத்திக்கிட்டு அலைஞ்சா வயித்துல எப்படிம்மா நிக்கும்?"

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் தட்டைப் பார்த்தார். அம்மா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, பரீட்சை எங்கே ஓடிவிடப் போகிறது, அடுத்த முறை எழுதிக்கொள்ளலாம் என்றார். அவளுக்குப் பரீட்சை எப்போதும் எங்கேயும் ஓடுவதில்லை. வயது மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது என்று எல்லோரும் ஞாபகப்படுத்துவார்கள்.

தராசுக்காரர் நல்ல மனிதர். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். மாத்திரை நேரத்தை மறக்க மாட்டார். ஊசி மருந்தை வீட்டிலேயே போட வேண்டியிருந்த நாட்களில் அவர்தான் போட்டார். பழகிய கை, நடுங்காது. ஒவ்வொரு முறையும் வலிக்கிறதா என்று கேட்பார். அவள் இல்லை என்பாள். கெட்டவராக இருந்திருந்தால் அவள் எப்போதோ சண்டை போட்டு ஒரு வழி பண்ணியிருப்பாள். நல்லவரிடம் எதை வைத்துச் சண்டை போடுவது?

இத்தனை வருடங்களில் அவள் உடம்பில் பார்க்காத பரிசோதனை இல்லை. ரத்தம், ஸ்கேன், கருக்குழாயில் மருந்து செலுத்தி எடுத்த படம். ஒவ்வொன்றிலும் பெரிதாகக் குறை ஒன்றும் இல்லை என்றுதான் வந்தது. குறை இல்லாவிட்டால் என்ன, இன்னொரு பரிசோதனை எழுதினார்கள். கணவருக்கும் ஒரே ஒரு பரிசோதனை எழுதிக் கொடுத்தார் பழைய டாக்டர். கணவர், தெரிந்த லேபில் கொடுத்துவிட்டதாகவும் எல்லாம் நார்மல் என்று சொல்லிவிட்டதாகவும் வந்து சொன்னார். ரிப்போர்ட்டை அவள் கேட்கவில்லை. கேட்க வேண்டிய டாக்டரும் கேட்கவில்லை. ஓர் ஆண் வந்து நார்மல் என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் கேட்பது மரியாதை இல்லை என்று நம்மில் பலருக்கு ஒரு நினைப்பு இருக்கிறது.

புதிய மருத்துவமனையில் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். மருந்து தொடங்குவதற்கு முன் கணவனும் மனைவியும் ஆலோசகரிடம் உட்கார்ந்து பேசிவிட்டு வர வேண்டும். ஆலோசகர் அவளைவிட வயதில் சிறிய பெண். நல்ல ஜலதோஷம் வேறு. வருகிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வதற்காக மேசையில் வைத்திருந்த காகிதப் பெட்டியைப் பெரும்பாலும் அவரேதான் காலி செய்துகொண்டிருந்தார்.

"உடம்பை டாக்டருங்க பாத்துப்பாங்க. மனசுக்கு என்ன ஏற்பாடு பண்ணியிருக்கீங்க?" என்று கேட்டார்.

அப்படி ஓர் ஏற்பாடு உண்டு என்பதே அவளுக்குத் தெரியாது. தைரியமாக இருக்கிறோம் என்று கணவர் இருவருக்கும் சேர்த்துப் பதில் சொன்னார். ஆலோசகர் விடவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்துக் கேட்டார். "நல்லதே நடக்கட்டும். ஒருவேளை இந்தத் தடவையும் நிக்கலைன்னு போன் வருதுன்னு வைங்க. அன்னைக்கு சாயங்காலம் நீங்க என்ன பண்ணுவீங்க?"

அவள் யோசித்தாள். போன முறை என்ன செய்தோம், அதற்கு முந்திய முறை என்ன செய்தோம் என்று நினைத்துப் பார்த்தாள்.

"சமைப்பேன்," என்றாள்.

கணவர் தன் செருப்பைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். போன முறை அந்தச் செய்தி வந்த நாளில் இவள் சமைத்ததைத் தான் சாப்பிட்டோம் என்பதும், அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் கை கழுவினோம் என்பதும் அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

குழந்தை விஷயம் தவிர உங்களுக்கென்று ஏதாவது இருக்கிறதா என்று அடுத்துக் கேட்டார் ஆலோசகர். அவள் தேர்வைப் பற்றிச் சொன்னாள். சொல்ல ஆரம்பித்தவள் எடைக்கற்களைப் பற்றி, அவற்றை ஆறவிடுவதைப் பற்றி, தன் கையெழுத்தோடு ஒரு சான்றிதழ் வெளியே போக வேண்டும் என்ற ஆசையைப் பற்றி நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனாள். கூடவே அதை விட்டுவிடச் சொல்கிறார்கள் என்பதையும் சொன்னாள். பரீட்சை எழுதுவதால் சிகிச்சை கெட்டுவிடாது என்றும், சிகிச்சைத் தேதியை மருத்துவமனையிலேயே முன்பின் நகர்த்திக்கொள்ளலாம் என்றும் ஆலோசகர் சொன்னார். வருகிற கேள்விகளுக்கு என்ன பதில் சொல்வது என்பதை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசி வைத்துக்கொள்ளவும் சொன்னார். "பதில் இல்லாத வீட்டுல கேள்வியெல்லாம் ஒருத்தர் தலையிலதான் போய் விழும்," என்றார். யார் தலை என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

கடைசியில் கணவரின் ரிப்போர்ட்டைக் கேட்டார்.

வீடு மாற்றும்போது எங்கேயோ போய்விட்டது என்றார் தராசுக்காரர். பரவாயில்லை, பழைய ரிப்போர்ட் எப்படியும் உதவாது, இன்றே கொடுத்துவிட்டுப் போங்கள் என்றார் ஆலோசகர். ஒரு கடையில் அவசரமாக வரச் சொல்லியிருக்கிறார்கள், இன்னொரு நாள் வருகிறேன் என்று எழுந்துவிட்டார் அவர்.

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு நன்றாகப் பழகிய முகம் அது. பழைய சான்றிதழ் எங்கே என்று கேட்டால், இருக்கிறது, வீட்டில் இருக்கிறது என்று கூடத்துக்கு வருகிறவர்கள் சிலர் சொல்வார்கள். அந்தப் பெட்டிகளை அவள் எப்போதும் கூடுதல் கவனத்தோடு சோதிப்பாள்.

அன்று ஒன்றும் கேட்கவில்லை. கேட்கவும் தெம்பு வேண்டுமே. அடுத்து வந்த விடுமுறை நாள் மதியம், மாமியார் கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார். கணவர் தரையில் செய்தித்தாள் விரித்து ஒரு தராசைப் பிரித்துப் போட்டிருந்தார். அவள் தேர்வுப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அவர் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அந்த டெஸ்ட நீங்க எடுக்கவே இல்ல, அப்படித்தானே?"

அவர் கையிலிருந்த ஸ்க்ரூ உருண்டு கட்டிலுக்கு அடியில் போனது. அதைத் தேடுகிற சாக்கில் குனிந்தார். தேடி எடுத்த பிறகும் நிமிரவில்லை. குனிந்தபடியேதான் சொன்னார். லேப் வரைக்கும் போனது உண்மை. மாதிரி எடுக்கக் கையில் டப்பாவைக் கொடுத்தார்கள். கவுன்டரில் இருந்தவர் தெரிந்தவர், தன்னைப் பார்த்துச் சிரித்தது போல இருந்தது. டப்பாவைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு பின்பக்கப் படிக்கட்டு வழியாக இறங்கி வந்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும் அம்மா என்ன ஆயிற்று என்று கேட்க, நார்மல் என்ற வார்த்தை தானாக வாயில் வந்துவிட்டது. அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். அதற்குப் பிறகு அந்த வார்த்தையைத் திரும்ப எடுக்க வழி தெரியவில்லை.

"பயமா இருந்துச்சு. குறைன்னு வந்துட்டா ஆம்பளையே இல்லன்னு சொல்லிடுவாங்களேன்னு."

"எனக்குத்தான் குறைன்னு இத்தனை வருஷமா சொல்றாங்க. நான் பொம்பளையா இல்லாமயா போயிட்டேன்?"

அவளுக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. கத்தினால் தூக்கம்தான் கெடும் என்று தோன்றியது. குரலை உயர்த்தாமலே பேசினாள்.

"திறக்க விடாத கடைக்காரரைப் பத்திச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பீங்களே, நம்ம வீட்டுலயே ஒருத்தர் இருந்திருக்காரு. தப்பெல்லாம் காய் மேலதான்னு நானும் நம்பிட்டேன். குறை உங்க பக்கமா என் பக்கமாங்குறதுகூட எனக்கு முக்கியமில்ல. நான் மட்டும் தனியா போய்ட்டு வந்துக்கிட்டிருந்தேன் பாருங்க, அதுதான் வலிக்குது. ஊசி போடும்போதெல்லாம் வலிக்குதான்னு கேப்பீங்களே, இப்ப சொல்றேன், வலிக்குது."

மாமியார் மடித்துக்கொண்டிருந்த புடவை பாதியில் நின்றுவிட்டது. "நார்மல்னு சொன்னியேடா. அதை நம்பி நான் எல்லார்கிட்டயும் சொன்னேனே," என்றார் மகனிடம். சொன்ன பிறகுதான், எல்லோரிடமும் தான் என்ன சொல்லியிருக்கிறோம் என்பது அவருக்குப் புரிந்தது. என் பையனிடம் குறை ஒன்றும் இல்லை என்றால் மிச்சம் யாரிடம் என்று தங்கை கேட்காமலேயே கணக்குப் போட்டிருப்பாள். மருமகளைப் பார்க்க முடியாமல் புடவையை மறுபடி முதலிலிருந்து மடித்தார்.

அவள் எழுந்தாள். தேர்வுக்குப் போகப் போவதாகச் சொன்னாள். அதே நாளில் அவர் மருத்துவமனைக்குப் போக வேண்டும். அவருடைய ரிப்போர்ட் வரும்வரை தன் உடம்பில் ஒரு மாத்திரையும் இறங்காது, ஓர் ஊசியும் ஏறாது என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். அன்று சாயங்காலம் அவள் சமைக்கவில்லை. தராசுக்காரர் சமைத்தார். உப்பு தூக்கலாக இருந்தது. யாரும் கதை சொல்லவில்லை, சாப்பிட்டார்கள்.

தேர்வு நாள் காலையில் கணவர் அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து தேர்வு மையத்தின் வாசலில் இறக்கிவிட்டார். எழுத வந்தவர்கள் கூட்டம் கூட்டமாக நின்று கடைசி நேரப் படிப்புப் படித்துக்கொண்டிருந்தார்கள். அவருடைய கை வண்டியின் கைப்பிடியில் லேசாக நடுங்கியது. இத்தனை ஊசி போட்ட கை.

"உனக்குப் பயமா இல்லையா?" என்று கேட்டார்.

"பயமாத்தான் இருக்கு. அதுக்காக வராம இருக்க முடியுமா?" என்றாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இரண்டடி போனவள் திரும்பி வந்தாள். கோபம் இன்னும் தீரவில்லை, தீர நாளாகும். ஆனாலும் நடுங்குகிற கையைப் பார்த்துவிட்டு அப்படியே போக மனம் வரவில்லை. "போனதும் உள்ள ஓடாதீங்க. கொஞ்ச நேரம் உக்காந்து ஆறிட்டு அப்புறம் போங்க."

அவர் தலையாட்டினார். மருத்துவமனையில் அப்படியே உட்கார்ந்தார். அங்கேயும் பின்பக்கம் ஒரு படிக்கட்டு இருந்தது. கதவு திறந்தே கிடந்தது. அதைப் பார்த்தார். சமைப்பேன் என்று அன்று அவள் சொன்னது மறுபடி காதில் ஒலித்தது. தன்னைக் கூப்பிட்டபோது டப்பாவை வாங்கிக்கொண்டு, அவர்கள் காட்டிய அறைக்குள் போனார்.

வீட்டில் மாமியார் தனியாக இருந்தார். வந்ததும் மருமகள் கொஞ்சம் படுக்கட்டும் என்று கட்டிலில் கிடந்ததையெல்லாம் எடுத்து ஒதுக்கி, சுத்தமான விரிப்பாகப் பார்த்து விரித்தார். என்ன பதில் சொல்வது என்று ஆலோசகர் பேசி வைத்துக்கொள்ளச் சொன்னதை மருமகள் அவரிடம் சொல்லியிருந்தாள். ஆனால் உட்கார்ந்து பேச யாருக்கும் தெம்பு வரவில்லை. விரிப்பின் சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தங்கைதான். எடுத்ததும் நலம் விசாரித்துவிட்டு அவள் வழக்கமான இடத்துக்கு வந்து சேர்ந்தாள். விசேஷம் ஏதாவது உண்டா என்றாள்.

வழக்கம்போலப் பேச்சை மாற்ற வாயெடுத்த மாமியார், விரிப்பைப் பார்த்தார்.

"இருக்குடி. மருமக பரீட்சைக்குப் போயிருக்கா. என் பையன் டெஸ்டுக்குப் போயிருக்கான்."

தங்கை மெதுவாக, அவனுக்கு எதற்கு அக்கா டெஸ்ட் என்று கேட்டாள்.

"குழந்தை ரெண்டு பேருக்கும்தானே வேணும்? அப்ப ரெண்டு பேரும்தானே போகணும்? இத்தனை வருஷம் அவ ஒருத்தியையே அனுப்பிட்டு, வந்தவுடனே என்னாச்சு என்னாச்சுன்னு அவளையே கேட்டோம். அவ களைச்சுப் போயிட்டா தெரியுமா? குறை அவ உடம்புல இருக்கா இவன் உடம்புல இருக்கான்னு டாக்டர் பாத்துச் சொல்லட்டும். ஆம்பளைய ஒரு வார்த்தை கேக்காம பொம்பளை தலையிலயே எல்லாத்தையும் ஏத்தினோமே, அந்தக் குறை நம்மகிட்டதான்டி இருந்துது. அதுக்கு டாக்டர்கிட்ட மருந்து கிடையாது, நாமதான் திருந்தணும்."